துளைக்கும், தேடும், முட்டையிடும்: ஒட்டுண்ணிக் குளவிகளின் ஊசி எப்படி உருவானது?

ஐரோப்பியப் பைன் காட்டில் நலிந்துபோன ஒரு மரத்தின் தண்டில் மூன்று வகைக் குளவிகள் முட்டையிட வரும். முதலில் வருவது சைரெக்ஸ் நாக்டிலியோ என்னும் மரக்குளவி. இது ஒட்டுண்ணி அல்ல, அதாவது இதன் புழு வேறொரு பூச்சியைத் தின்று வளர்வதில்லை. கட்டையைத் துளைத்து முட்டையை வைக்கும்போதே ஒரு பூஞ்சையையும், மரத்துக்கு நஞ்சான ஒரு கோழையையும் உள்ளே செலுத்துகிறது. பூஞ்சை பரவிய கட்டையைக் குடைந்து தின்று இதன் புழு வளர்கிறது. அடுத்தது இபாலியா லூகோஸ்பாய்டிஸ். இது புதிதாகத் துளை போடுவதில்லை. மரக்குளவி போட்டுவிட்டுப் போன துளையைப் பூஞ்சையின் வாடையை வைத்துக் கண்டுபிடித்து, அதற்குள் தன் மெல்லிய ஊசியை இறக்கி, முட்டைக்குள்ளோ அப்போதுதான் பொரிந்த புழுவுக்குள்ளோ தன் முட்டையை வைக்கிறது. கடைசியில் ரைசா பெர்சுவாசோரியா வரும்போது மரக்குளவியின் புழு முற்றி, கட்டையின் ஆழத்துக்குப் போயிருக்கும். ரைசா தன் உடலைவிட நீளமான ஊசியால் கெட்டிக் கட்டையைத் துளைத்து அந்தப் புழுவை எட்டிவிடுகிறது. சைரெக்ஸ் நியூசிலாந்தின் பைன் தோட்டங்களில் புகுந்தபோது, 1920களின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து ரைசாவைக் கொண்டுபோய் விட்டார்கள். இபாலியா பின்னர் சேர்க்கப்பட்டது. இளம்பருவத்துக்கு ஒரு ஊசி, முற்றிய பருவத்துக்கு இன்னொரு ஊசி என்பதே அந்த ஏற்பாட்டின் அடிப்படை.

ஒன்று தடித்த துரப்பணம், ஒன்று வயிற்றுக்குள் சுருண்டு கிடக்கும் நூல், ஒன்று நீண்ட வால் என்று மூன்றும் வேறு வேறாகத் தெரிகின்றன. பிரித்துப் பார்த்தால் மூன்றிலும் பாகங்கள் ஒன்றே. அவை இணைந்திருக்கும் விதமும் ஒன்றே. குளவிகள் ஒட்டுண்ணியாக மாறிய பிறகு இந்த ஊசி உருவாகவில்லை. செடியையும் மரத்தையும் அறுத்து முட்டையிட்ட மூதாதைகளிடம் ஊசி முன்பே தயாராக இருந்தது. அதனால்தான் ஒட்டுண்ணி வாழ்க்கையே அவற்றுக்குச் சாத்தியமாயிற்று. பரிணாமம் இதில் செய்ததெல்லாம் நீளம், விறைப்பு, பற்கள், உணர்முடிகள் ஆகியவற்றைக் கூட்டியும் குறைத்தும் பார்த்ததுதான்.

ஊசியின் பாகங்கள்

பெண் பூச்சியின் வயிற்றில் எட்டாவது, ஒன்பதாவது கணுக்களிலிருந்து இந்த உறுப்பு வளர்கிறது. எட்டாவது கணுவிலிருந்து இரண்டு கீழிழைகள் வருகின்றன. ஒன்பதாவது கணுவிலிருந்து மேலிழை வருகிறது. அதுவும் தொடக்கத்தில் இரண்டுதான்; பெரும்பாலான குளவிகளில் ஒன்றாக ஒட்டிப்போய்விட்டது. அதே ஒன்பதாவது கணுவிலிருந்து இரண்டு உறைகளும் வருகின்றன. ஓய்வில் ஊசியை மூடிக்காப்பவை இவைதாம். படங்களில் சில குளவிகளுக்கு மூன்று வால்கள் இருப்பதுபோலத் தெரிவது, உறைகள் இரண்டும் ஊசியை விட்டு விலகி நிற்கும்போது எடுத்த படமாக இருக்கும். ஆணுக்கு இந்த உறுப்பே கிடையாது. ஆண் தேனீயும் ஆண் குளவியும் கொட்ட முடியாததற்குக் காரணம் இதுவே.

மிக முக்கியமான பகுதி, இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் இணைப்பு. மேலிழையின் அடிப்பக்கத்தில் இரண்டு வரம்புகள் நெடுக ஓடுகின்றன. ஒவ்வொரு வரம்பின் நுனியும் பருத்திருக்கும். கீழிழைகளில் அவற்றுக்கு ஏற்ற பள்ளங்கள் உண்டு; பள்ளத்தின் வாய் குறுகல், உள்ளே அகலம். பருத்த வரம்பு அதற்குள் மாட்டிக்கொள்வதால், கீழிழை முன்னும் பின்னும் வழுக்கி ஓடும். பக்கவாட்டில் கழன்று வராது. இழைகளுக்கு நடுவே எஞ்சும் இடைவெளிதான் முட்டை இறங்கும் கால்வாய். பசை, நஞ்சு, முட்டை எல்லாம் இதன் வழியே போகின்றன.

இந்த வழுக்கு இணைப்பு ரம்பக்குளவிகள், மரக்குளவிகள், ஒட்டுண்ணிக் குளவிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. தேனீயின் கொடுக்கிலும் இருக்கிறது. ரம்பக்குளவியில் கீழிழைகள் தட்டையான ரம்பங்கள். மாறி மாறி ஓடி இலையையும் இளந்தண்டையும் கீறுகின்றன.

செடியிலிருந்து புழுவுக்கு

173 பூச்சி இனங்களின் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்களை ஒப்பிட்டு 2017இல் வெளியான ஆய்வு, குளவி, தேனீ, எறும்பு அடங்கிய இந்தப் பெருங்குலம் சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தில் கிளைத்தது என்று கணக்கிடுகிறது. ஒட்டுண்ணி வாழ்க்கை இக்குலத்தின் பெரும்பகுதிக்கு ஒரே ஒருமுறைதான், பெர்மியனின் இறுதியிலோ அடுத்து வந்த டிரையாசிக் காலத்திலோ, தோன்றியிருக்கிறது.

அந்தத் திருப்பம் மரக்கட்டைக்குள் நிகழ்ந்திருக்க வேண்டும் என்பதற்கு ஒருசிடே என்னும் சிறு குடும்பம் நல்ல சான்று. உடலமைப்பில் மரக்குளவியின் உறவு, வாழ்க்கையில் ஒட்டுண்ணி, இரையோ கட்டையைக் குடையும் வண்டுப் புழு. பெண் தன் உணர்கொம்பால் கட்டையைத் தட்டி, திரும்பி வரும் அதிர்வை முன்கால்களால் உணர்ந்து, புழு இருக்கும் இடத்தைக் கணிக்கிறது. உடலைவிட நீண்ட ஊசி வெளியே தெரியாது. வயிற்றிலிருந்து மார்புக்கூடு வரை உள்ளுக்குள்ளேயே வளைந்து கிடக்கும்.

பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம் இதுதான்: கட்டைக்குள் முட்டையிட்ட ஒரு மூதாதையின் புழு, பக்கத்தில் குடைந்துகொண்டிருந்த வேறொரு புழுவைத் தின்னத் தொடங்கியது. கட்டை சத்துக் குறைந்த உணவு, புழு அப்படியல்ல. அதன்பின் முட்டையைக் கட்டையில் எங்கோ வைப்பதைவிட, புழுவுக்கு அருகில் வைத்த தாய்க்கு வாரிசு கூடியது. ஊசி முதலிலேயே கட்டையைத் துளைக்கக் கற்றிருந்ததால், கூடுதலாகத் தேவைப்பட்டவை இரண்டுதான்: சரியான இடத்தைக் கண்டுபிடிக்கும் உணர்வும், இரையை அடங்க வைக்கும் நஞ்சும்.

நீளமான ஊசி ஏன் ஒடிவதில்லை

மெல்லிய கம்பி ஒன்றை ஒரு முனையில் பிடித்து அழுத்தினால், குத்துவதற்கு முன்பே அது நடுவில் வளைந்துவிடும். வளையத் தொடங்கும் விசை நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. நீளத்தை இரண்டு மடங்காக்கினால் தாங்கும் விசை கால்பங்காகிவிடும். அதே விசையைத் தாங்க வைக்க விட்டத்தை ஏறத்தாழ 1.4 மடங்காக்க வேண்டும். ஆனால் விட்டம் கூடினால் துளையும் பெரிதாகும்; துளை பெரிதானால் உள்ளே தள்ளும் விசையும் கூடும். வெறுமனே நீட்டிக்கொண்டே போவதால் பயனில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

குளவி இந்தச் சிக்கலைப் பல வழிகளில் சமாளிக்கிறது. முதல் வழி, தள்ளும் வேலையைக் கூடுமானவரை தவிர்ப்பது. கீழிழைகளின் நுனியில் பின்நோக்கிய பற்கள் உண்டு. ஒரு கீழிழையைப் பின்னால் இழுத்தால் அதன் பற்கள் கட்டையில் பதிந்து பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிமானத்தை வைத்து மற்றொரு கீழிழை முன்னேறும். பிறகு அது பிடித்துக்கொள்ள, முதலாவது முன்னேறும். இழுவிசையும் தள்ளுவிசையும் பெருமளவு ஒன்றையொன்று ஈடுசெய்வதால், ஊசியின் அடியில் விழும் அழுத்தம் மிகக் குறைவு. வழுக்கு இணைப்பு இல்லாவிட்டால் இது நடக்காது. செடியை அறுப்பதற்காக அமைந்த முன்பின் ஓட்டமே இங்கே துளையிடும் இயக்கமாக மாறியிருக்கிறது.

இரண்டாவது வழி, வெளியே நிற்கும் நீளத்துக்கு முட்டுக்கொடுப்பது. வட அமெரிக்காவின் மெகாரைசா குளவிகள் வயிற்றை உயரத் தூக்கி ஊசியைச் செங்குத்தாக நிறுத்தும். பின்கால்களின் அடிக்கணுக்கள் ஊசியை இருபுறமும் அணைத்துப் பிடிக்கும். வயிற்று நுனிக் கணுக்களுக்கு இடையிலுள்ள சவ்வு பலூனைப்போல விரிந்து, ஊசியின் அடிப்பகுதியைத் தனக்குள் வளையமாகச் சுருட்டிக்கொள்ளும். இதனால் எந்த நேரத்திலும் முட்டில்லாமல் நிற்கும் நீளம் சிறிதுதான். உறைகள் கட்டைக்குள் போவதில்லை. பக்கவாட்டில் வளைந்து வெளியே நிற்கும். இந்தப் பேரினத்தின் மூன்று இனங்கள் ஒரே மரத்தில் ஒரே மரக்குளவியின் புழுக்களைத் தேடுவதையும், அவற்றின் ஊசி நீளங்கள் வேறுபடுவதால் எட்டும் ஆழமும் வேறுபடுவதையும் 1965இல் வெளியான ஓர் ஆய்வு விவரித்தது.

மூன்றாவது, நுனியைக் கடினமாக்குவது. துளையிடும் பல இனங்களின் ஊசி நுனியில் மாங்கனீசோ துத்தநாகமோ சேர்ந்திருக்கிறது. முதிர்ந்த பூச்சி தோலுரிப்பதில்லை. எனவே ஒருமுறை மழுங்கிய பல் மறுபடி கூராவதே இல்லை. வாழ்நாள் முழுவதும் அதே நுனியால்தான் துளைத்தாக வேண்டும். உலோகம் அங்கே சேர்ந்ததன் அவசியம் இதிலிருந்து விளங்கும்.

ஊசி நேராக மட்டும் போவதில்லை. பழ ஈக்களின் புழுக்களைப் பழத்துக்குள் வைத்தே தாக்கும் டயாகாஸ்மிமார்ஃபா லாங்கிகாடேட்டா என்னும் குளவியை ஒளி ஊடுருவும் கூழில் துளைக்கவிட்டு, நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தார் 2017இல் படமெடுத்தனர். ஓர் இழையை மற்றதைவிட முன்னே நீட்டும்போது நுனியின் வடிவம் சமச்சீர் இழந்து, ஊசி ஒரு பக்கமாக வளைந்து போகிறது. நுனிக்குள் தசை இல்லை. தசையெல்லாம் வயிற்றுக்குள், திசைமாற்றம் முழுவதும் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று நகர்வதால் வருவது. அறுவைச் சிகிச்சையில் திசை திருப்பக்கூடிய மெல்லிய ஊசிகளை வடிவமைப்போர் இந்த அமைப்பைத்தான் பின்பற்றப் பார்க்கிறார்கள்.

அத்திக்காய் சொல்லும் சாட்சி

இந்தியாவில் இதைக் காண மிகச் சிறந்த இடம் ஆற்றங்கரை அத்தி. அதன் காய்க்குள் ஏழு வகைக் குளவிகள் வளர்கின்றன. மகரந்தச் சேர்க்கை செய்யும் செரட்டோசோலன் ஃபூசிசெப்ஸ், காயின் வாய்த்துளை வழியாக உடலோடு உள்ளே நுழைந்து பூக்களில் முட்டையிடுகிறது. மற்ற ஆறும் காயின் மேல் நின்றபடி, வெளியிலிருந்தே ஊசியைச் செலுத்துகின்றன. அவற்றில் சில பூவைக் கொப்புளமாக்கி வளர்பவை. சில அந்தக் கொப்புளத்துக்குள் இருக்கும் புழுவுக்கு ஒட்டுண்ணிகள். ஒவ்வொன்றும் வரும் காலம் வேறு. காய் பருக்கப் பருக்கச் சுவர் தடித்துக் கெட்டியாவதால், பிந்தி வரும் குளவிக்கு வேலை கடினம்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இந்த ஏழின் ஊசிகளையும் மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து 2011இல் வெளியிட்டார்கள். உள்ளே நுழைந்து முட்டையிடும் குளவியின் ஊசி நுனியில் ஒரே ஒரு வெட்டு. உணர்முடியும் ஒரே வகை. வெளியிலிருந்து துளைப்பவற்றில் பற்களும் பலவகை உணர்முடிகளும் கூடுகின்றன. கொப்புளம் உண்டாக்குபவற்றைவிட ஒட்டுண்ணிகளில் இன்னும் கூடுதல். நுனி எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதும், அந்தக் குளவி வரும் காலத்தில் காயைத் துளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதும் பொருந்திப்போகின்றன. பிறகு 2014இல் அதே நிறுவனத்தின் பொறியியலாளர்கள், ஒட்டுண்ணியான அப்போகிரிப்டா வெஸ்ட்வுடியின் ஊசிப் பற்களில் எடையில் சுமார் 7 விழுக்காடு துத்தநாகம் இருப்பதைக் காட்டினர். மகரந்தக் குளவியின் ஊசியில் துத்தநாகம் இல்லை.

அந்த 2011 ஆய்வில் நான் மிகவும் பெரிதாக மதிப்பது வேறொரு முடிவு. சைக்கோஃபாகா ஆக்ராயென்சிஸ் ஓர் ஒட்டுண்ணி. ஆனால் அதன் நெருங்கிய உறவினங்கள் கொப்புளம் உண்டாக்குபவை. அதன் ஊசி உறவினங்களைப்போல இல்லை. வேறொரு துணைக்குடும்பத்தைச் சேர்ந்த அப்போகிரிப்டா ஒட்டுண்ணிகளின் ஊசியோடுதான் ஒத்துப்போகிறது. வம்சவழியைவிடச் செய்யும் தொழில்தான் ஊசியின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு ஒரே காய்க்குள் கிடைத்த சான்று இது. ஊசியை மட்டும் வைத்துக் குளவிகளின் உறவுமுறையைக் கணிக்கப் போனால் எங்கே தவறு வரும் என்பதும் இதில் இருக்கிறது.

நுனியின் உணர்வும் முட்டையின் பயணமும்

கட்டைக்குள்ளோ காய்க்குள்ளோ கண்ணுக்கு வேலையில்லை. நுனியில் செறிந்திருக்கும் வேதி உணர்முடிகள் தொட்டது புழுவா, கட்டையா என்று பிரித்தறிகின்றன. வேறொரு குளவி ஏற்கெனவே முட்டையிட்டுவிட்ட புழுவைப் பல இனங்கள் இப்படித்தான் அடையாளம் கண்டு ஒதுக்குகின்றன. ஒரு புழுவில் ஒன்றுக்கு மேற்பட்ட முட்டைகள் விழுந்தால், தனித்து வளரும் இனங்களில் ஒன்றுதான் பிழைக்கும்; மற்ற முட்டைகள் வீண். புழுவின் உடலுக்குள் முட்டையிடும் பல இனங்களில் மேலிழை நுனிக்குச் சற்று முன்பாக ஒரு வெட்டு இருக்கும். புழுவின் தோல் அதில் சிக்கிக்கொள்ள, துள்ளும் இரையிலிருந்து ஊசி நழுவாது.

கால்வாய் முடியைவிடக் குறுகலானது. முட்டை அதைவிட அகலம். ஆகவே முட்டை நீண்டு ஒடுங்கியே இறங்க வேண்டும். காம்புள்ள முட்டைகளில், பிதுங்கும்போது உள்ளடக்கம் காம்புக்குள் ஒதுங்கி, வெளியே வந்தபின் திரும்புகிறது. கால்வாயின் உட்சுவரில் நுனியை நோக்கிச் சாய்ந்த நுண்செதில்கள் இருக்கின்றன. இழைகள் மாறி மாறி ஓடும்போது அவை முட்டையை ஒரே திசையில் நகர்த்துகின்றன. துளைக்கும் அதே அசைவு முட்டையையும் இறக்கிவிடுகிறது.

குட்டையானவையும் கொடுக்கானவையும்

இலைமேல் வெளிப்படையாக மேயும் புழுவைத் தாக்கும் இனங்களுக்கு நீண்ட ஊசி சுமைதான். அவற்றின் ஊசி குட்டை. பூச்சி முட்டைகளைத் தாக்கும் சீலியோனிட் குளவிகள் ஊசியை உடலுக்குள் இழுத்து வைத்து, உள்ளழுத்தத்தால் வெளியே நீட்டுகின்றன. அவற்றின் உறவான இனோஸ்டெம்மாவில், வயிற்றின் முதல் கணுவிலிருந்து ஒரு கொம்பு முன்னோக்கி வளைந்து மார்பின்மேல் நிற்கும்; சுருக்கிய ஊசியை வைக்கும் கூடு அது.

ஒரு கிளையில் மாற்றம் இன்னும் ஆழமானது. எறும்பு, தேனீ, பெருங்குளவிகளின் மூதாதையில் முட்டை ஊசியின் வழியே போவது நின்று, ஊசியின் அடியிலிருந்தே வெளிவரத் தொடங்கியது. ஊசி நஞ்சை மட்டும் செலுத்தும் கொடுக்காயிற்று. முட்டைக்கு இடம்விட வேண்டிய கட்டாயம் நீங்கியதால், அது நஞ்சைத் துல்லியமாக வைக்கும் கருவியாக மாற முடிந்தது. கரப்பானின் மூளைக்குள்ளேயே கொட்டும் மரகதக் குளவி அதன் உச்சம்.

தென்னைக் கருந்தலைப் புழுவில் இரண்டு அமைப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பிரக்கான் பிரெவிகார்னிஸ் தன் ஊசியால் புழுவை முடக்கி, அதே ஊசி வழியாகவே முட்டையை வைக்கிறது. கோனியோசஸ் நெஃபான்டிடிஸ் கொடுக்கு இனம். புழு நூலும் கழிவும் சேர்த்துக் கட்டிய குழாய்க்குள் தானே நுழைந்து, கொட்டி முடக்கி, உடல்மேல் முட்டையிட்டுக் குஞ்சுகளைக் காவல் காக்கிறது. எக்டேருக்கு 3000 கோனியோசஸ் விடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், அதுவும் மரத்தடியில். கொண்டைப் பகுதியில் விட்டால் சிலந்திகளும் கொலைகார நாவாய்ப் பூச்சிகளும் தின்றுவிடும்.

எந்தக் குளவி எந்தப் பூச்சிக்கு ஆகும் என்பதை ஊசி எட்டும் தூரம்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. ஆலிவ் ஈயின் ஒட்டுண்ணியான சிட்டாலியா லவுன்ஸ்பரியி, ஆப்பிரிக்கக் காட்டு ஆலிவின் மெல்லிய சதைக்கு ஏற்ற குட்டை ஊசி கொண்டது. கலிபோர்னியாவின் பருத்த பயிர் ஆலிவில் புழு ஆழத்துக்குப் போய்விட்டால் ஊசி எட்டுவதில்லை. மக்காச்சோளப் படைப்புழு முட்டைகளை அடுக்கடுக்காக வைத்து மயிரால் மூடுகிறது. பூச்சி முட்டைகளைத் தாக்கும் குளவியான டிரைக்கோகிரம்மாவால் மேலடுக்கைத்தான் எட்ட முடியும். இன்னொரு முட்டைக் குளவியான டெலினோமஸ் ரீமஸ் உள்ளடுக்கு வரை போகும்.

கரும்பில் இரையை எட்டும் மூன்று வேறு வழிகளைக் காணலாம். நுனிக்குருத்துத் துளைப்பானுக்கு விடும் ஐசோடிமா ஜாவென்சிஸ், நீண்ட ஊசியால் குருத்தின் வெளியிலிருந்தே புழுவை எட்டுகிறது. எக்டேருக்கு 100 சோடி பரிந்துரை. கொடீசியா ஃபிளாவிபெஸ் குட்டை ஊசிக்காரி. துளைப்பானின் சுரங்கத்துக்குள் உடலோடு போகிறது. பல அங்கேயே புழுவால் கடிபட்டுச் சாகின்றன. டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் அரை மில்லிமீட்டர் அளவுதான். இடைக்கணுத் துளைப்பானின் முட்டை இலைமேல் வெளியே இருக்கும்வரை மட்டுமே அதனால் எதுவும் செய்ய முடியும். புழு பொரிந்து தண்டுக்குள் போய்விட்டால், இக்குளவி வளரும் முட்டைகளை ஒட்டிய அட்டைகளை எத்தனை கட்டினாலும் அந்தத் தலைமுறைப் புழு தப்பிவிட்டது என்றே பொருள். முட்டைக்குள் கரு முற்றத் தொடங்கினாலும் பயன் குறைந்துவிடும். அதனால்தான் ஒரே தடவையில் நிறைய விடாமல், நான்காம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை, எக்டேருக்கு 2.5 சி.சி. (அட்டையில் ஒட்டும் முட்டைகளின் கொள்ளளவு) வீதம் ஆறு தடவை பிரித்து விடச் சொல்கிறார்கள்.